மதிலுக்கு அந்தப் பக்கம்

நெய்யாற்றின்கரை வாசகசாலை மண்டபத்தின் வாசலில் வேனை நிறுத்திவிட்டு இறங்கிய நேசையன் முதலில் பார்த்தது அந்த ஃப்ளெக்ஸைத்தான். மண்டபத்தின் முகப்பையே மறைக்கிற அளவுக்குப் பெரியது. நீலத் தண்ணீர், வளைந்த பாலம், மூக்கு நீண்ட கறுப்புப் படகு. மேலே மலையாளத்தில் கொட்டை எழுத்தில் ‘பிரணயநகரம்’, அதாவது காதல் நகரம் என்றும், அதற்குக் கீழே சின்னதாக ‘வெனீஸ் ஓவியங்கள் - லேகா’ என்றும் இருந்தது.

தோளில் கிடந்த ஒயர்ச் சுருளை இறக்கித் தரையில் வைத்தார். திரும்ப வேனில் ஏறிப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. வேலைக்குக் கூப்பிட்ட மண்டபக் கமிட்டிக்காரர் அப்புக்குட்டன் போனில் சொன்னதெல்லாம், “கொஞ்சம் படம் மாட்டியிருக்கு, லைட் அடிக்கணும்” என்பது மட்டும்தான். என்ன படம் என்று நேசையனும் கேட்டுக்கொள்ளவில்லை.

செங்கல் என்ற ஊரின் சந்திப்பில் அவருக்கு லைட்டும் மைக்செட்டும் வாடகைக்கு விடும் கடை. கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி என்று சொல்லும் சர்ச்சின் பெருநாள், கட்சிக் கூட்டம், மரண வீடு, எதுவானாலும் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசமாட்டார், வேலை சுத்தமாக இருக்கும் என்று பெயர்.

வெனீஸ் என்ற சொல்லை அவர் வீட்டில் ஒரு காலத்தில் தினமும் சொன்னார்கள். அவருடைய மனைவி பிந்துஜா ஆறு வருடம் அங்கேதான் இருந்தாள். தனியாக இருந்த ஒரு வயதான இத்தாலிக்காரியைக் கூடவே தங்கிக் கவனித்துக்கொள்ளும் வேலை. அவள் போனில் சொன்ன ஊரில் பிரணயம் எதுவும் இருந்ததில்லை. “இஞ்ச ஆட்டோ இல்ல, பஸ் இல்ல, ஒரு சைக்கிள் கூட இல்ல பாத்துக்கிடுங்க. கொஞ்சம் உருளக்கிழங்கு வாங்கணும்னா நாலு பாலம் ஏறி எறங்கணும். பாலம் பூராவும் படியாக்கும்” என்பாள். தண்ணீர் ஏறும் மாதங்களில் முட்டு வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மருந்து வாங்கப் போவாள். அந்தக் கிழவியை அவள் அம்மச்சி என்றுதான் சொல்வாள். மூன்றாவது மாடியிலிருந்து அம்மச்சியைக் கீழே இறக்க வழியில்லை என்பதால், ஜன்னலோரம் உட்காரவைத்து, போகிற வருகிற படகுகளைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் முதலில் அம்மச்சிக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு பிந்துஜாவுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் படகில் இருந்துகொண்டு, “சார்ஜ் தீரப் போவுது, பெறவு விளிக்கியேன்” என்று ஒரு குரல் செய்தி அனுப்பினாள். பிறகு அவள் கூப்பிடவில்லை. அங்கே படிக்கப் போயிருந்த மலையாளிப் பாதிரியார், ஒரு அச்சன்தான் கூப்பிட்டார். விமானம் ஓடவில்லை, உடலைக் கொண்டுவர வழியில்லை, மிக்கேல் சம்மனசின், அந்தத் தேவதூதரின் பெயரில் ஒரு தீவு இருக்கிறது, சான் மிக்கேலே என்பார்கள், அங்கேதான் அடக்கம் என்றார். கொஞ்ச நாள் கழித்து ஒரு போட்டோவும் அனுப்பினார். புது மண், மரச்சிலுவை, ஒரு பெயர்ப் பலகை. அவ்வளவுதான். அது எந்த ஊர் மண்ணாகவும் இருக்கலாம். செங்கல்லில் அவர்களுடைய பள்ளியின் கல்லறைத் தோட்டத்தில் எடுத்தது என்று சொன்னாலும் நம்ப வேண்டியதுதான்.

“எந்தா நேசையா, நின்னு வாசிச்சிட்டு இருக்கிய? நாளைக்குக் காலத்த தொறப்பாக்கும்” என்று அப்புக்குட்டன் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். நேசையன் ஒயரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

லேகாவுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். காட்டாக்கடை ஊர்க்காரி. வெட்டிவிட்ட முடியும் சாயக்கறை பிடித்த ஜிப்பாவுமாக, மாட்டிய படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, வெளிச்சம் படத்துல நேரா விழப்பிடாது கேட்டியளா. ஒரு பக்கத்துல இருந்து மெல்ல விழணும்.”

“சரி மேடம்.”

ஒவ்வொரு படத்துக்கும் ஏணியைப் போட்டு ஏறி, விளக்கை மாட்டி, திருகி, இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். பாலங்கள், படகுகள், தண்ணீரில் நிழல் உடைந்து கிடக்கும் மாளிகைகள். குடைக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு பேர். வெயில் சாயும் நேரம் ஒன்றும் மழை நேரம் ஒன்றுமாக ஒரே படித்துறை. நேசையனின் கண் மட்டும் ஜன்னல்களுக்கே போய்க்கொண்டிருந்தது. எந்த வீடாக இருந்தாலும் கீழேயிருந்து எண்ணி, மூன்றாவது மாடியில் கண்ணை நிறுத்தினார். எல்லா ஜன்னலும் ஒன்றுபோல இருந்தன. பச்சைப் பலகைக் கதவு, உள்ளே இருட்டு. அவற்றில் எதிலும் ஆள் இல்லை.

பாதி மண்டபத்துக்கு வெளிச்சம் போட்ட பிறகு அவரால் பொறுக்க முடியவில்லை. ஏணியில் நின்றபடியே கேட்டார்.

“மேடம், ஒரு காரியம் கேக்கட்டா? இதுல சான் மிக்கேலே எது?”

லேகா கையிலிருந்த துணியை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணனுக்கு அந்தப் பேரு எப்பிடித் தெரியும்?”

“எனக்க வீட்டுக்காரிய அங்கயாக்கும் அடக்கியிருக்கு.”

அவள் ஏணியின் கீழே வந்து நின்று, அவர் இறங்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “வாங்க” என்று மண்டபத்தின் கடைசிச் சுவருக்குக் கூட்டிப் போனாள்.

கதவகலம் உள்ள படம். பாதிக்கு மேல் தண்ணீர்தான், காலை வெளிச்சம் படிந்து பால் கலந்ததுபோல இருந்தது. அந்தத் தண்ணீரின் நடுவிலிருந்து நேராக எழும்பி நின்றது ஒரு நீண்ட செங்கல் மதில். இடையிடையே வெள்ளைக் கல் வளைவுகள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஊசிபோல உயர்ந்த கரும்பச்சை மரங்கள். மதிலின் நடுவே ஒரு வாசல், வாசலுக்கு முன்னால் தண்ணீரில் இறங்கும் படிகள். படத்தின் கீழே ஒட்டியிருந்த சீட்டில் ‘நீர்த்தோட்டம்’ என்று எழுதி, பக்கத்தில் விற்றாயிற்று என்பதற்குச் சிவப்பு வட்டம் ஒன்றும் ஒட்டியிருந்தது.

“தோட்டம்னு எழுதியிருக்கு” என்றார் நேசையன்.

“கல்லறைன்னு எழுதினா ஆரு அண்ணா வாங்குவா? அழகாட்டுதான் இருக்கு, அழகாட்டே இருக்கட்டும்னு நெனச்சேன்.” அவள் குரல் தாழ்ந்திருந்தது. “எனக்குத் தெரியாமப் போச்சு. இங்ஙன ஒரு ஆளு வந்து நிப்பாவன்னு எனக்குத் தோணல்ல.”

“ஆரு வாங்கினது?”

“அனூஜ்னு ஒருத்தரு. பூவாறுல காட்டேஜ் கட்டுதாரு. கல்யாணம் கழிஞ்சு வாற சோடிகளுக்கு. அதுல மாட்டணுமாம்.”

நேசையன் படத்துக்கு இன்னும் கிட்டே போனார். வாசலுக்கு முன்னால் இருந்த படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படி வழியாகத்தான் அவளை ஏற்றியிருப்பார்கள். யார் பிடித்துத் தூக்கியிருப்பார்கள், எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று யோசித்தார். கூட யாரும் நின்றிருக்க முடியாத காலம் அது.

“எனக்க மோளக் கூட்டிட்டு வரணும் மேடம். இத எப்பம் எடுத்துட்டுப் போவாரு?”

“ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் இஞ்ச உண்டு அண்ணா.”

அந்தப் படத்துக்கு விளக்குப் போட அவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது.

மகள் லிஜி பாறசாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அன்று சாயங்காலம் அவள் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது நேசையன் வாசல்படியில் நின்று விஷயத்தைச் சொன்னார். அவள் திரும்பவில்லை.

“உங்களுக்கு அங்க ஜோலி இருந்தா போங்க அப்பா. எனக்கு எதுக்கு?”

“அம்மைய வச்ச தீவ வரஞ்சிருக்காவ மக்கா. மதிலு, வாசலு, எல்லாம் தெரியுது.”

“அந்தக் கத வேண்டாம்.”

“ஒரு தடவ பாத்தா…”

“எதப் பாக்க?” கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “பெட்டிய நான் பாத்தேனா? மொகத்த மூடினத நான் பாத்தேனா? ஒரு பிடி மண்ணு போட்டேனா? ஒரு போட்டோவக் காட்டி இதாக்கும் உனக்க அம்மைன்னு சொன்னிய. இப்பம் ஒரு படத்தக் காட்டி இதாக்கும் உனக்க அம்மைன்னு சொல்லப் போறிய.”

பிந்துஜா இறந்தபோது லிஜிக்குப் பதினாறு வயது. வருடா வருடம் பள்ளியில் வைக்கும் ஆண்டுப் பூசைக்கு அவள் இதுவரை வந்ததில்லை. அந்த நாளில் வேலைக்குப் போய்விடுவாள். நேசையனும் வற்புறுத்தியதில்லை. வற்புறுத்தும் தைரியம் அவருக்கு இல்லை என்பதே சரி. பூசைக்கு நடுவில் அச்சன் மறைந்த பிந்துஜா என்று சொல்லும்போதெல்லாம், யாரோ வேறு ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் அவருக்கும் இருந்தது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இப்போதும் அவருடைய கை முந்திக்கொண்டு ஓடும்.

பக்கத்து வீட்டில் இருந்த நேசம் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். பிந்துஜாவின் கூடப்பிறந்த அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று சொன்னாள். “நான் வாறேன் நேசையா. எனக்க தங்கச்சிய வச்ச எடம், படமானாலும் எனக்குப் பாக்கணும்.”

லிஜி மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆரியங்கோட்டில் ஒரு கல்யாண வேலை. அதை முடித்துக்கொண்டு நேசத்தை வேனில் ஏற்றி, நேசையன் நண்பகலுக்குச் சற்று முன் மண்டபத்துக்கு வந்தார். நல்ல கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நடந்தார்கள். பாலம் வரைந்த படங்களின் முன்னால் குடும்பம் குடும்பமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நேசத்தைக் கைபிடித்துக் கடைசிச் சுவருக்குக் கூட்டி வந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார்.

தூணோரம் லிஜி நின்றுகொண்டிருந்தாள். வேலை இடத்து வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் மடக்கிப் பிடித்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவரைப் பார்த்தும் அசையவில்லை. அவளுடைய கண் படத்தின் மேல் இருந்தது. ஆனால் படத்தின் முன்னால் வேறு ஆட்கள் நின்றார்கள்.

கல்யாணம் நிச்சயமான ஒரு சோடி. அழைப்பிதழோடு அனுப்புவதற்குப் படம் எடுக்க வந்திருந்தார்கள். பெண் தரையில் புரளும் சிவப்பு கவுன் போட்டிருந்தாள். பையன் கோட்டு. கூட வந்த போட்டோகிராபர், “இஞ்ச லைட் சூப்பரா இருக்கு. சேச்சி, தலைய அவரு தோளுல சாய்ங்க. அந்த மதிலும் மரமும் பின்னால வரட்டும். ரெண்டு பேரும் சிரிங்க. இன்னும் கொஞ்சம்…” என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் உண்மையிலேயே அழகாகச் சிரித்தாள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்களுக்கு அது ஒரு தோட்டம்.

நேசையன் ஓர் அடி முன்னால் வைத்தார். அவர்களிடம் போய் என்ன சொல்வது? நகருங்கள், எனக்க பெண்டாட்டி இருக்கிற இடம் என்றா? அவர் நேராகச் சுவிட்சுப் பலகைக்குப் போனார். எந்தச் சுவிட்சு என்று தேட வேண்டியிருக்கவில்லை. தட்டினார். கடைசிச் சுவரில் வெளிச்சம் அணைந்து, தண்ணீரும் மதிலும் மங்கிப்போயின.

“சேட்டா, லைட்டு!” என்று போட்டோகிராபர் கத்தினான்.

“போச்சு தம்பி” என்றார் நேசையன்.

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்துப் படத்துக்குப் போனார்கள். சத்தம் கேட்டு அப்புக்குட்டன் வந்தார்.

“நேத்து போட்ட லைட்டு இன்னைக்குப் போச்சா? எலே நேசையா, உனக்க வேலைக்கு இப்பிடி ஒரு கொற கேட்டதில்லியே.”

நேசையன் சுவிட்சுப் பலகையை விட்டு நகரவில்லை. பின்னாலேயே வந்த லேகா அவரைப் பார்த்தாள், தூணோரம் நின்ற பெண்ணைப் பார்த்தாள். “அது கெடக்கட்டும் அப்புக்குட்டன் சேட்டா. சாப்பாட்டு நேரம் ஆச்சு. கொஞ்ச நேரம் வாசல அடைப்போம்” என்றாள். அப்புக்குட்டனுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை மெல்ல வெளியே அனுப்பத் தொடங்கினார்.

மண்டபம் காலியானதும் லேகா லிஜியின் அருகில் போனாள். “மோளாக்கும் இல்லியா?”

லிஜி தலையசைத்தாள். பிறகு, எதிராளியைச் சண்டைக்கு இழுப்பதுபோலக் கேட்டாள். “நீங்க உள்ள போனீங்களா, இல்ல வெளியில இருந்தே வரஞ்சீங்களா?”

“வெளியில படகுல இருந்தாக்கும் வரஞ்சேன். பெறவு ஒரு நாளு உள்ள போனேன்.”

“உள்ள என்ன உண்டு?”

லேகா அவசரப்படாமல் சொன்னாள். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் மூன்று மாதம் ஓவியர்களுக்கான ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது போனதாம். படகு அந்த வாசலில்தான் நிற்கும். உள்ளே நுழைந்தால் சத்தமே இல்லை, காலடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் மட்டும். மதில்மேல் பல்லிகள் வெயில் காயும். ஒரு பக்கம் பழைய பணக்காரர்களின் பளிங்குக் கல்லறைகள். நடந்துகொண்டே போனால் வெட்டவெளியான ஓரிடத்தில் வரிசை வரிசையாகச் சின்னச் சிலுவைகள்.

“அங்க ஒரு பக்கம் பூரா ஒரே வருஷமாக்கும் எழுதியிருந்தது” என்று சொல்லி நிறுத்தினாள்.

“அம்மைக்க பேரு பாத்தீங்களா?”

“கொஞ்சம் பேரு வாசிச்சேன் மோளே. நம்ம நாட்டுப் பேரு பாத்ததாட்டு ஓர்ம இல்ல. பாத்திருந்தா நின்னிருப்பேன். உன்கிட்ட நான் பொய் சொல்லப்பிடாது.”

“பூ வச்சிருந்ததா?”

“செலதுல இருந்தது. செலதுல இல்ல.”

லிஜியின் முகம் கோணியது. கோட்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நேசம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தாள். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

கொஞ்ச நேரம் கழித்து லிஜி எழுந்தாள். “அப்பா, லைட்ட போடுங்க.”

அவர் போட்டார். மதில் மறுபடியும் தண்ணீரிலிருந்து எழும்பி வந்தது.

“மந்திரிப்பு சொல்லுங்க” என்றாள். குழிக்கரையில் அச்சன் நின்று சொல்லும் ஜெபத்தைத்தான் கேட்டாள்.

“நானா? அச்சன விளிச்சிட்டு வரட்டா மக்கா?”

“வேண்டாம். நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்.”

அவருக்குத் தெரியும்தான். எத்தனையோ மரண வீடுகளுக்கும் கல்லறைத் தோட்டங்களுக்கும் மைக் கொண்டுபோயிருக்கிறார். அச்சனின் வாய்க்கு நேராக மைக்கை வைத்துவிட்டுப் பின்னால் போய் மைக்செட் பெட்டியருகே நின்று, சத்தம் அடைக்கிறதா, இரைகிறதா என்றுதான் கேட்பாரே தவிர, சொல்லின் அர்த்தத்துக்குச் செவி கொடுத்ததில்லை. அப்படியும் அது முழுக்க அவருக்குள் ஏறியிருந்தது. நேசையன் செருப்பைக் கழற்றினார். படத்தின் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மலையாளத்தில் ஆரம்பித்தார். மைக் இல்லாமல் தன் குரல் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பது அவருக்கே அதிசயமாக இருந்தது.

முதலில் தடுமாறினார். பிறகு அச்சன்மார் சொல்லும் அதே ஏற்ற இறக்கத்தில் வார்த்தைகள் தாமாக வந்தன. மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவர்களைப் பற்றிச் சொன்னார். இளைப்பாறுதலைக் கேட்டார். நடுவில் ஓரிடம் வரும். அங்கே செத்தவரின் பெயரைச் சொல்லவேண்டும். எல்லா அடக்கத்திலும் அந்த இடத்தில்தான் பெண்கள் கூட்டத்திலிருந்து அழுகை எழும்பும். அந்த இடத்துக்கு வந்ததும் நேசையனின் நாக்கு ஒட்டிக்கொண்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இந்த ஐந்து வருடத்தில் அவர் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதேயில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“பிந்துஜா” என்றாள் லிஜி. தெளிவாக, ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடுவதுபோலச் சொன்னாள்.

“பிந்துஜா” என்று அவரும் சொன்னார். பிறகு மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

அதுவரை அடக்கி வைத்திருந்த நேசம் அப்போதுதான் குரலெடுத்து அழுதாள். மரண வீட்டில் பெட்டி இறங்கும்போது அழுவதைப்போல, எனக்க தங்கச்சி, எனக்க பொன்னு மோளே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் அந்தப் பெரிய மண்டபத்தில் சுவருக்குச் சுவர் மோதியது. கதவருகே அப்புக்குட்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவரும் செருப்பைக் கழற்றியிருந்தார். லிஜி அழவில்லை. படத்துக்கு மிக அருகில் போய், அந்த வாசலையும் படிகளையும் வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு லேகா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “அண்ணா, இத நான் அவருக்குக் குடுக்கல்ல. நான் சொல்லிக்கிடுதேன். நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க.”

நேசையன் கையை உயர்த்தித் தடுத்தார். “வேண்டாம் மேடம். நீங்க சொன்னதே பெரிய காரியம். வீட்டுச் சுவருல கல்லறைய மாட்டிட்டு, அதுக்குக் கீழ இருந்து நான் எப்பிடி சோறு திங்க?”

“அப்பா சொல்லியது சரி” என்றாள் லிஜி. “படம் வேண்டாம். அங்க போனா பாக்க விடுவாவளா?”

“விடுவாங்க மோளே. ஆனா ஒண்ணு உண்டு.” லேகா சொல்லலாமா என்று யோசித்தாள். “அங்க எடம் கொறவு. கொஞ்ச வருஷம் கழிஞ்சா குழியத் தொறந்து எலும்ப எடுத்து வேற எடத்துல வைப்பாங்கன்னு அங்க உள்ளவங்க சொன்னாங்க. எத்தன வருஷம்னு எனக்குச் செரியாட்டுத் தெரியாது. போறதானா தாமதிக்க வேண்டாம்.”

திரும்பும் வழியில் மூவரும் வேனின் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேன் அமரவிளையைத் தாண்டியது. பிறகு நேசம், பிந்துஜா படகிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, கை நிறையக் காய்கறிப் பையோடு தண்ணீரில் விழுந்த கதையைச் சொன்னாள். “முட்டகோஸு மெதந்து போவுது, இவ அதப் பிடிக்கப் போறா. கரையில நின்னவன் எல்லாம் கையடிச்சிச் சிரிக்கியான். இவ பச்ச மலையாளத்துல அவனுவள ஏசியிருக்கா.” லிஜிக்கு அந்தக் கதை தெரியாது. என்னவென்று ஏசினாள் என்று கேட்டாள். நேசம் சொன்னாள். நேசையன் வண்டியை ஓரமாக நிறுத்தும்படி ஆயிற்று, அந்த அளவுக்குச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது லிஜி அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் விளக்குகளைக் கழற்ற நேசையன் போனபோது, அந்தப் படத்தில் சிவப்பு வட்டம் இல்லை. காரியம் தெரிந்ததும் அனூஜ் வருத்தம் சொல்லிவிட்டு, காட்டேஜுக்குப் படகுப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டாராம். பெயர்ச் சீட்டையும் லேகா மாற்றியிருந்தாள். ‘சான் மிக்கேலே கல்லறைத் தீவு’ என்று கையால் எழுதி ஒட்டியிருந்தாள். படத்தைத் துணியில் சுற்றி அவளுடைய காரில் ஏற்றுவதற்கு நேசையன்தான் ஒரு பக்கம் பிடித்தார். காட்டாக்கடையில் தன் பட்டறையிலேயே வைத்துக்கொள்வதாக அவள் சொன்னாள்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடும் காரியத்தை லிஜியே பார்த்துக்கொண்டாள். செங்கல் ஊரை விட்டால் தொழில், தொழிலை விட்டால் செங்கல் என்று இருந்த நேசையன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. போட்டோ எடுக்கும்போது மட்டும், கண்ணைச் சிமிட்டாதீங்க என்று அவளிடம் நாலு தடவை ஏச்சு வாங்கினார். எப்போது போவது, எப்படிப் போவது என்பதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை. அந்த மலையாளி அச்சனின் எண்ணைத் தேடிப் பிடித்து லிஜி பேசினாள். அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். என்றாலும் குழியின் எண்ணை விசாரித்துச் சொல்வதாக ஏற்றிருக்கிறார்.

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நடுத்தர வயது. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து லிஜி சாயா கொடுத்தாள். அவர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“அப்பனும் மோளுமா ரெண்டு பேரும் எங்க போறிய? ஜோலிக்கா?”

“இல்ல சார். இத்தாலிக்கு” என்றார் நேசையன்.

“டூரா?”

நேசையன் மகளைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார். “எனக்க வீட்டுக்காரி பிந்துஜா. அங்கயாக்கும் மரிச்சது. அவளுக்க கல்லறையப் பாக்கப் போறோம். நாங்க இதுவர பாத்ததில்ல.”

போலீஸ்காரரின் பேனா நின்றது. “எந்த வருஷம்?”

“இருவதுல.”

“கொரோனாவா?”

“ஆமா சார்.”

அவர் சாயாவைக் கையில் எடுத்தார். குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். “எனக்க அப்பனும் அதுலயாக்கும். அடுத்த வருஷம். பிளாஸ்டிக்குல பொதிஞ்சு கொண்டு வந்தாவ. நான் யூனிஃபார்மோட ரோட்டுல நின்னேன், கிட்டப் போவ விடல்ல. அதுக்குள்ள கெடக்கது அப்பன்தானான்னு இப்பமும் எனக்கு ஒரு இது உண்டு” என்றார்.

அவர் சாயாவைக் குடித்து முடித்து, காட்டிய இடங்களில் எல்லாம் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டவர், படியிறங்கும் முன் லிஜியிடம் திரும்பினார்.

“போயிட்டு வா மோளே. போனா கொஞ்ச நேரம் கிட்ட இருக்கணும். ஓடி வந்திரப்பிடாது.”

“இருப்பேன் சார்” என்றாள் லிஜி.